யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? – இயங்குநிலைத் திட்டமிடலும் சமாந்தரக் கணிப்பும்

புலம்பெயர்ந்து வாழும் எங்கள் குடும்பங்களில் பெயர்ச் சிக்கலைச் சந்திக்காத வீடு குறைவு. பிறப்புச் சான்றிதழில் ‘சிவராசா’ என்று இருக்கும் தந்தையின் பெயர், பாடசாலை விடுகைப் பத்திரத்தில் ‘சிவராஜன்’ ஆகியிருக்கும். எழுதிய இலிகிதர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஊரில் இருந்தவரை அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. இங்கு வந்த பிறகுதான் இரண்டும் ஒரே ஆள்தானா என்ற கேள்வி எழுகிறது. என்னுடைய கோப்பும் இப்படி இரண்டு எழுத்து வித்தியாசத்துக்காக எட்டு மாதம் ஓர் அலுவலக மேசையில் கிடந்தது.

இரண்டு பெயர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமானவை என்பதைக் கணினி இன்று ஓர் எண்ணாகச் சொல்கிறது. அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழிக்கு ஆங்கிலத்தில் டைனமிக் புரோகிராமிங் என்று பெயர். தமிழில் இயங்குநிலைத் திட்டமிடல் எனலாம். மரபணு ஆய்வு, இணையத் தொடர்பு, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் எனப் பல இடங்களில் இம்முறை பயன்படுகிறது. கணக்கு பெரிதாகும்போது அதைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுவே சமாந்தரச் செயலாக்கம். ஆனால் இந்த வகைக் கணக்கு இலகுவில் பங்குபோட இடம் கொடுப்பதில்லை. ஏன் என்பதையும், அப்படியிருந்தும் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. கணினி படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பெற்றோரும் சேர்ந்து வாசிக்கலாம். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

பெயர் வந்த கதை

இம்முறைக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் (1920–1984). கலிபோர்னியாவின் சாண்டா மோனிக்காவில் உள்ள ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது 1950களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். 1957இல் இதே பெயரில் அவருடைய நூல் வெளிவந்தது. இங்கே ‘புரோகிராமிங்’ என்பது கணினிக்கு நிரல் எழுதுவதைக் குறிக்கவில்லை. அக்காலத்தில் இராணுவ, பொருளாதாரத் திட்டமிடலுக்கு அந்தச் சொல்லே வழங்கியது. அதனால்தான் நிரலாக்கம் என்பதைவிடத் திட்டமிடல் என்ற சொல் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

தன் சுயசரிதையில் பெல்மன் ஒரு சுவையான காரணம் சொல்கிறார். அன்றைய பாதுகாப்புச் செயலாளர் சார்ள்ஸ் வில்சனுக்கு ஆராய்ச்சி என்ற சொல்லே ஆகாதாம். கணித ஆராய்ச்சி நடக்கிறது என்பது வெளியே தெரியாமல் இருக்கவே இப்படி ஒரு பெயரைத் தேர்ந்தாராம். ஆனால் வில்சன் பதவியேற்றது 1953 ஜனவரியில். பெல்மன் இப்பெயரில் கட்டுரை வெளியிட்டதோ 1952இல். திகதிகள் ஒத்துவரவில்லை. கதையைக் கதையாகவே எடுத்துக்கொள்வோம்.

அடிப்படை: ஒரு முறை செய்த கணக்கை மறுமுறை செய்யாதே

பெரிய கேள்வி ஒன்றைச் சிறிய கேள்விகளாக உடைக்கும்போது அதே சிறிய கேள்வி திரும்பத் திரும்ப வரும். அதன் விடையை ஒரு அட்டவணையில் எழுதி வைத்து, தேவைப்படும்போது எடுத்துப் பார்ப்பதுதான் இம்முறையின் சாரம்.

பிபனாச்சி வரிசையில் ஒவ்வொரு எண்ணும் அதற்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. நாற்பதாவது எண் 102,334,155. எதையும் எழுதி வைக்காமல், ஒவ்வொரு எண்ணையும் தேவைப்படும்போதெல்லாம் அடியிலிருந்து மீண்டும் கணிக்கும் நிரல் இதைக் கண்டுபிடிக்க 331,160,281 தடவை தன்னைத்தானே அழைக்கிறது. எழுதி வைத்துக்கொண்டு போனால் நாற்பதுக்கும் குறைவான கூட்டல்களே போதும்.

இன்னொரு உதாரணம் பிரித்தானியாவின் பழைய நாணயங்கள். 1971 பெப்ரவரி 15இல் தசம முறை வருவதற்கு முன் ஒரு சிலிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். 1969 இறுதிவரை 1, 3, 6, 12, 24, 30 பென்ஸ் நாணயங்கள் புழக்கத்தில் இருந்தன. நான்கு சிலிங், அதாவது 48 பென்ஸ், கொடுக்க வேண்டும். ஆகக் குறைந்தது எத்தனை நாணயம் வேண்டும்? பெரியதிலிருந்து தொடங்கினால் 30, 12, 6 என மூன்று நாணயம். ஆனால் இரண்டு 24 பென்ஸ் நாணயமே போதும். அவசரப்பட்டுப் பெரியதை எடுத்ததால் ஒரு நாணயம் கூடிவிட்டது.

அட்டவணை முறை இப்படித் தவறாது. கடைசியாக வைத்த நாணயம் எதுவாக இருக்கலாம் என்று பார்க்கிறது. அது 1 ஆனால் மிச்சம் 47, 3 ஆனால் 45, 6 ஆனால் 42, 12 ஆனால் 36, 24 ஆனால் 24, 30 ஆனால் 18. இந்த ஆறு தொகைக்கும் ஏற்கெனவே எழுதி வைத்த விடைகள் முறையே 5, 3, 2, 2, 1, 2. ஆகச் சிறியது 1. அதனோடு கடைசி நாணயத்தைச் சேர்த்தால் 2. நல்ல முழுத்திட்டம் ஒன்றின் உள்ளே இருக்கும் சிறு திட்டங்களும் நல்லவையாகவே இருக்க வேண்டும் என்ற பெல்மனின் உகப்புக் கோட்பாடு இதுதான்.

இங்கேயே சிக்கலும் தொடங்குகிறது. 48க்கு விடை எழுத 47இன் விடை வேண்டும். 47க்கு 46இன் விடை வேண்டும். 48 பேரைக் கூட்டி வந்து ஆளுக்கொரு கட்டம் கொடுத்தாலும் ஒருவர் எழுத மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆகவே இவ்வகைக் கணக்கைப் பங்கிட முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்தக் கட்டம் எந்தக் கட்டத்துக்காகக் காத்திருக்கிறது?

இரண்டு பெயர்களுக்கிடையே தூரம்

சோவியத் கணிதவியலாளர் விளாடிமிர் லெவன்ஸ்டைன் 1965இல் ஓர் அளவையை முன்வைத்தார். ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற ஆகக் குறைந்தது எத்தனை திருத்தங்கள் வேண்டும் என்பதே அது. ஓர் எழுத்தை மாற்றுவது, சேர்ப்பது, நீக்குவது ஒவ்வொன்றும் ஒரு திருத்தம். இதை அட்டவணை மூலம் கணிக்கும் முறையை வாக்னர், பிஷர் ஆகியோர் 1974இல் வெளியிட்டனர். அதற்கு முன்பே 1970இல் நீடில்மனும் வுன்ஷும் புரதங்களை ஒப்பிட இதே போன்ற அட்டவணையைப் பயன்படுத்தியிருந்தனர்.

‘சிவராசா’ நான்கு எழுத்து. ‘சிவராஜன்’ ஐந்து எழுத்து. முதல் பெயரை இடப்பக்கம் மேலிருந்து கீழாகவும் இரண்டாவதை மேலே இடமிருந்து வலமாகவும் எழுதினால் நான்கு நிரை, ஐந்து நிரல், மொத்தம் 20 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் மூன்று அயல்கட்டங்களைப் பார்க்கும். இடப்பக்கத்து எண்ணோடு ஒன்று, மேலே உள்ள எண்ணோடு ஒன்று, இட மேல் மூலையில் உள்ள எண்ணோடு எழுத்து ஒத்தால் பூச்சியம், ஒவ்வாவிட்டால் ஒன்று கூட்டி, மூன்றிலும் ஆகச் சிறியதை எழுத வேண்டும். வலக்கீழ் மூலையில் வரும் எண்ணே தூரம். இங்கே அது 2: ‘சா’ என்பது ‘ஜ’ ஆகிறது, ‘ன்’ சேர்கிறது.

தமிழுக்கு ஒரு எச்சரிக்கை. யூனிக்கோட்டில் ‘சி’ என்பது ஒரு குறியல்ல, ‘ச’ என்ற குறியும் விசிறிக் குறியும் சேர்ந்தது. குறிகளை எண்ணும் நிரலுக்கு முதல் பெயர் 7, இரண்டாவது 8. தூரமும் 2 இல்லை, 3 என வரும். தமிழ்ப் பெயர்களை ஒப்பிட நிரல் எழுதும் பிள்ளைகள் முதலில் எழுத்துகளாகப் பிரித்துவிட்டே கணக்கைத் தொடங்க வேண்டும்.

மூலைவிட்டமாக நகரும் அலை

மேலே சொன்ன அட்டவணையில் நிரை நிரையாக எழுதினால் ஒருவர் 20 தடவை எழுத வேண்டும். நான்கு பேருக்கு ஆளுக்கொரு நிரை கொடுத்து ஒரே நேரத்தில் எழுதச் சொல்லவும் முடியாது. இரண்டாம் நிரைக்கு முதலாம் நிரை வேண்டும். ஆனால் வலமேலிருந்து இடக்கீழாகச் சாய்வாகப் பாருங்கள். அந்தச் சாய்வுக் கோட்டில் உள்ள கட்டங்கள் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. அவை பார்ப்பதெல்லாம் முந்தைய இரண்டு சாய்வுக் கோடுகளையே. ஆகவே ஒரு கோட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுதலாம்.

நமது சிறிய அட்டவணையில் இப்படி எட்டுக் கோடுகள். அவற்றில் உள்ள கட்டங்கள் 1, 2, 3, 4, 4, 3, 2, 1. நான்கு பேர் இருந்தால் எட்டுத் தடவையில் முடிந்துவிடும். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அலை போல வேலை நகர்வதால் இதை அலைமுனை முறை என்பார்கள்.

ஆனால் கணக்கைக் கவனியுங்கள். நான்கு பேர் இருந்தும் வேகம் நான்கு மடங்கு ஆகவில்லை, இரண்டரை மடங்குதான். தொடக்கத்திலும் முடிவிலும் சிலர் சும்மா இருக்கிறார்கள். ஆயிரத்துக்கு ஆயிரம் அட்டவணையிலும் இதே கதைதான். பத்து இலட்சம் கட்டம், 1,999 கோடு. ஆயிரம் பேர் இருந்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 500 மடங்கு.

தொகுதிகளாகப் பிரித்தல்

உண்மையான கணினியில் இன்னொரு செலவு உண்டு. ஒவ்வொரு கோடு முடிந்ததும் எல்லாரும் நின்று, எழுதியதை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஒரு கூட்டலுக்கு எடுக்கும் நேரத்தைவிட அதைக் கைமாற்ற எடுக்கும் நேரம் பல மடங்கு. அதனால் கட்டங்களைத் தொகுதிகளாகச் சேர்த்து, ஒரு தொகுதியை ஒருவருக்குக் கொடுப்பார்கள்.

அதே ஆயிரத்துக்கு ஆயிரம் அட்டவணையைப் பத்துப் பேருக்குப் பங்கிடுவோம். 100க்கு 100 தொகுதிகளாக வெட்டினால் மொத்தம் 100 தொகுதி, வேகம் 5.3 மடங்கு. 50க்கு 50 ஆக வெட்டினால் 400 தொகுதி, 6.9 மடங்கு. 10க்கு 10 ஆக வெட்டினால் 10,000 தொகுதி, 9.2 மடங்கு. இவை கைமாற்றும் நேரத்தைச் சேர்க்காத கணக்குகள். தொகுதி சிறுக்கச் சிறுக்கச் சும்மா இருக்கும் நேரம் குறைகிறது, கைமாற்றும் தடவைகள் கூடுகின்றன. எந்த அளவில் நிறுத்துவது என்பது அந்தந்த இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

வேறு வடிவங்கள், வேறு காத்திருப்புகள்

எல்லா அட்டவணையும் ஒரே மாதிரிக் காத்திருப்பதில்லை. ஊருக்குப் போகும்போது 30 கிலோ பயணப்பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்று வீட்டில் நடக்கும் விவாதம் கணினியியலில் பொதிச் சிக்கல் எனப்படுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிரை, 0 முதல் 30 வரை கிலோவுக்கு ஒரு நிரல். ஒரு நிரையில் உள்ள கட்டங்கள் முந்தைய நிரையை மட்டுமே பார்க்கின்றன. எனவே ஒரு நிரையின் 31 கட்டங்களையும் ஒரே நேரத்தில் எழுதலாம். பொருட்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க வேண்டும்.

எல்லா நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வழிகளைக் காணும் பிளாய்ட்–வார்ஷல் முறை (1962) இன்னும் தாராளமானது. 500 நகரம் என்றால் 500 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 250,000 கட்டங்களையும் ஒன்றாக எழுதலாம்.

ஆர்என்ஏ இழை எப்படி மடங்கும் என்று கணிக்க ரூத் நுசினோவும் சக ஆய்வாளர்களும் 1978இல் தந்த முறை வேறு வகை. அங்கே சிறு துண்டுகளில் தொடங்கி நீளமான துண்டுகளுக்குப் போகிறோம். தொடக்கத்தில் கட்டங்கள் ஏராளம், ஒவ்வொன்றிலும் வேலை சொற்பம். முடிவில் ஒரே ஒரு கட்டம், அதில் வேலை ஆக அதிகம். ஆட்களைச் சரிசமமாகப் பிரித்தால் கடைசியில் சுமை ஓரிருவர் தலையில் விழும். அங்கே ஒரு கட்டத்துக்குள் இருக்கும் வேலையையே பங்கிட வேண்டும்.

காசேடு கற்பிக்கும் பாடம்

ஒன்றன்பின் ஒன்றாகவே செய்ய வேண்டும் என்று தோன்றும் சில கணக்குகளையும் பங்கிடலாம். வர்த்தகம் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரு வருடக் காசேட்டில் மாதத்துக்கு 1,000 பதிவு, மொத்தம் 12,000. ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் மீதி என்ன என்று எழுத வேண்டும். மாசி மாதத்துக்குத் தை மாத மீதி கீழ் கொண்டு வரப்பட வேண்டும். எனவே ஒருவரே 12,000 கூட்டலையும் செய்ய வேண்டும் போலத் தோன்றும்.

பன்னிரண்டு இலிகிதர்கள் இருந்தால் வேறு வழி உண்டு. ஒவ்வொருவரும் தன் மாத ஆரம்ப மீதியைப் பூச்சியமாக வைத்து எழுதட்டும். பிறகு மாதக் கூட்டுத்தொகைகளை மட்டும் ஒருவர் வரிசையாகச் சேர்க்கட்டும். அது 11 கூட்டல். அதன் பின் ஒவ்வொருவரும் தன் உண்மையான ஆரம்ப மீதியைத் தன் பதிவுகள் எல்லாவற்றோடும் கூட்டட்டும். 1,000 + 11 + 1,000 என 2,011 கூட்டல் நேரத்தில் வேலை முடிகிறது. மொத்த உழைப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது, ஆனால் நேரம் ஆறில் ஒன்று. 1980இல் லாட்னரும் பிஷரும் இத்தகைய முன்தொகைக் கணிப்புக்குப் பொதுவான சமாந்தர முறையை வெளியிட்டனர்.

இது நடப்பதற்குக் காரணம், எந்த இடத்தில் அடைப்புப் போட்டுக் கூட்டினாலும் தொகை மாறாது என்பதே. ஆகச் சிறியதைத் தேர்வதற்கும் ஆகப் பெரியதைத் தேர்வதற்கும் அதே குணம் உண்டு. அதனால் 1967இல் அன்ட்ரூ விட்டர்பி தந்த, தொலைத்தொடர்பிலும் பேச்சறிதலிலும் பயன்பட்ட முறையையும் இப்படி வெட்டி ஒட்டலாம். ஆனால் ஒவ்வொரு துண்டும் தனக்கு முன் என்ன நிலை இருந்திருக்கலாம் என்ற எல்லா வாய்ப்புக்கும் விடை வைத்திருக்க வேண்டும். நான்கு நிலை என்றால் உழைப்பு நான்கு மடங்கு, நூறு நிலை என்றால் நூறு மடங்கு. நிலைகள் குறைவாக இருந்தால்தான் இது கட்டுப்படியாகும். காசேட்டிலும் அப்படியே. மீதி பூச்சியத்துக்குக் கீழே போனால் மேலதிகப்பற்று வட்டி சேரும் என்று ஒரு விதி வந்துவிட்டால், ஆரம்ப மீதி தெரியாமல் எழுதும் இந்தக் குறுக்குவழி அப்படியே பொருந்தாது.

மேற்பார்வையாளர் இல்லாத கணக்கு

இணையத்தின் பழைய வழிகாட்டு முறைகளில் ஒன்று ரிப். அதன் விதிமுறை 1988இல் வெளியிடப்பட்டது. பெல்மன் 1958இல் எழுதிய குறுகிய வழிக் கணக்குத்தான் அதன் அடிப்படை. ஒவ்வொரு ரூட்டரும் தனக்குத் தெரிந்த தூரங்களை 30 செக்கனுக்கு ஒருமுறை அயலவர்களுக்குச் சொல்லும். அயலவர் சொன்னதோடு ஒன்று கூட்டி, ஆகச் சிறியதை வைத்துக்கொள்ளும். முழு அட்டவணையும் எவர் கையிலும் இல்லை. யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை.

காத்திராமல் இருப்பதற்கும் விலை உண்டு. ஓர் இணைப்பு அறுந்துவிட்டால், அதை இழந்த ரூட்டர் அயலவரிடம் இன்னும் வழி இருப்பதாக நம்பும். அந்த அயலவரோ இவரை நம்பித்தான் அப்படிச் சொல்லியிருப்பார். இருவரும் மாறி மாறி 3, 4, 5 என்று எண்ணிக்கொண்டே போவார்கள். வதந்தி ஊரைச் சுற்றி வந்து, சொன்னவர் காதிலேயே புதுச் செய்தியாக விழுவது போலத்தான். இதற்காகவே ரிப்பில் 16 என்றால் வழி இல்லை என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு வேகம் எதிர்பார்க்கலாம்?

ஜீன் அம்டால் 1967இல் சொன்ன விதி எளிமையானது. வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவரே செய்ய வேண்டியதாக இருந்தால், எத்தனை செயலி சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. 16 செயலிக்கு 6.4 மடங்குதான் கிடைக்கும்.

கணக்கின் பருமனும் ஒரு சுவர். மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். இருவரின் தொகுதிகளை முழு அட்டவணையாக ஒப்பிட்டால், செக்கனுக்கு 100 கோடி கட்டம் எழுதும் இயந்திரத்துக்கும் சுமார் 285 ஆண்டுகள் வேண்டும். அதனால்தான் 1990இல் வந்த பிளாஸ்ட் போன்ற கருவிகள், முதலில் சிறு ஒற்றுமைகளைத் தேடி, அந்த இடங்களில் மட்டும் நுணுக்கமாகப் பார்க்கின்றன. நினைவகத்துக்கும் வழி உண்டு. தூரம் மட்டும் போதுமென்றால் முழு அட்டவணையையும் வைத்திருக்கத் தேவையில்லை, இரண்டு நிரை போதும். திருத்தங்களின் வரிசையும் வேண்டுமென்றால் 1975இல் ஹிர்ஷ்பெர்க் தந்த முறை குறைந்த இடத்தில் அதைத் தருகிறது.

வன்பொருளும் மாறிவருகிறது. ஜிபியு எனப்படும் வரைகலைச் செயலிகள் ஆயிரக்கணக்கான கட்டங்களை ஒரே நேரத்தில் எழுதவல்லவை. என்விடியா நிறுவனம் 2022இல் அறிமுகப்படுத்திய ஹொப்பர் வகைச் செயலிகளில், கூட்டிவிட்டு ஆகச் சிறியதையோ பெரியதையோ தேர்வதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு.

எனினும் நடைமுறையில் மிகவும் பயன்தருவது எளிமையான வழியே. ஒரு பெயரைப் பத்து இலட்சம் பெயர்களோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரு அட்டவணையை உடைக்கத் தேவையில்லை. அட்டவணைகளையே ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுத்துவிடலாம். ஒரு பெயர் இன்னொரு பெயருக்காகக் காத்திருப்பதில்லை. எட்டுக் கோர் உள்ள மடிக்கணினியில் ஏறத்தாழ எட்டு மடங்கு வேகம் கிடைக்கும். புரத ஒப்பீட்டில் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ரோக்னெஸ் 2011இல் காட்டிய வழியும் இந்த எண்ணத்திலிருந்து வந்ததே.

பிள்ளைகள் சமாந்தர நிரல் எழுத உட்காரும்போது எத்தனை கோர் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ஒரு கடதாசியை எடுத்து, அட்டவணையைக் கீறி, ஒவ்வொரு கட்டமும் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். அம்பு இல்லாத இடங்களில்தான் ஆட்களைச் சேர்க்கலாம்.

என் கோப்பு எட்டு மாதத்தின் பின் ஒரு சத்தியக் கடதாசியோடு நகர்ந்தது. இரண்டு பெயருக்கும் தூரம் 2 என்பதை இன்று எந்தக் கைத்தொலைபேசியும் கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். அந்த இரண்டு பெயரும் ஒரே மனிதனுடையவைதானா என்பதை அந்த எண் சொல்லாது. அதைப் பத்திரங்களைப் பார்த்து, ஆளை இருத்திக் கேட்டு, ஓர் அலுவலர்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால் வீட்டில் உள்ள சான்றிதழ்களை எல்லாம் ஒருநாள் எடுத்து வைத்து, பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால், எவரும் கேட்பதற்கு முன்பே அதற்கான பத்திரத்தைத் தேடி வையுங்கள்.